அறிபுனை (சயன்ஸ் ஃபிக்‌ஷன்), மிகுபுனைவு (ஃபேன்டஸி) ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசித்துப் படிப்பதற்கும் ஆய்வாகப் படிப்பதற்கும் என்ன வித்தியாசம்?

ரசிகர்களில் பலர் ஆய்வாளர்களைவிட அதிகம் படித்திருப்பார்கள். ஆகவே எத்தனை புத்தகம் படித்தீர்கள் என்பது இங்கே பேச்சே இல்லை. ஆய்வில் ஒரு கூற்றை முன்வைக்கிறீர்கள், பிரதியிலிருந்தோ (அதாவது நூலின் எழுத்திலிருந்தோ) அது வெளிவந்த சூழலிலிருந்தோ சான்று காட்டுகிறீர்கள், இன்னொருவர் அதே சான்றை எடுத்துப் பார்த்து மறுக்க இடம் விடுகிறீர்கள். "இந்த நாவலின் உலகம் பிரமிப்பூட்டுகிறது" என்பதை யாராலும் மறுக்க முடியாது. அதனாலேயே அது ஆய்வுக் கூற்று ஆகாது. "வேற்றுக்கிரகவாசிகள் பேசும் இடங்களில் கதைசொல்லி அவர்கள் சொன்னதைத் தன் வாயால் சொல்கிறாரே தவிர, அவர்களின் நேர்ப்பேச்சு ஓரிடத்திலும் இல்லை" என்று எழுதினால், புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துவிடலாம். ஏன் அப்படி என்ற கேள்வியில் கட்டுரை தொடங்கும்.

முதலில் அறிபுனை என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டாமா?

வேண்டும், ஆனால் ஒன்றரைப் பக்கத்துக்குள். முதல் அத்தியாயம் முழுக்கப் பத்து வரையறைகளை அடுக்கி, கடைசியில் "எனவே திட்டவட்டமான வரையறை இல்லை" என்று முடிக்கும் ஆய்வேடுகள் ஏராளம். அதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் நாற்பது பக்கம் தேவையில்லை.

ஒதுக்கவே முடியாத பெயர் அறிபுனைக் கோட்பாட்டாளர் டார்கோ சுவின். 1970களில் கட்டுரைகளாக எழுதி, 1979ல் ஆங்கில நூலாக வெளியிட்ட அவரது வாதம் இதுதான்: அறிபுனை நம் உலகத்தை நமக்கே அந்நியமாக்கிக் காட்டுகிறது; ஆனால் அந்த அந்நியத்தன்மை அறிவால் பின்தொடரக்கூடிய ஒன்றாக இருக்கிறது. கதை உலகத்தை நம் உலகிலிருந்து பிரிக்கும் அந்த ஒற்றைப் புதுமையை அவர் நோவம் என்றார். அந்தச் சொல்லை ஜெர்மன் தத்துவவாதி எர்ன்ஸ்ட் பிளாக்கிடமிருந்தும், அந்நியமாக்கல் என்ற கருத்தை ரஷ்ய உருவவாதி ஷ்க்லோவ்ஸ்கி, நாடகக்காரர் பிரெக்ட் ஆகியோரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்.

கையில் எடுத்துப் பயன்படுத்த இது மிக நல்ல கருவி. நோவம் எது என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அது கதையில் எதையெல்லாம் மாற்றுகிறது என்று பாருங்கள்: குடும்பம், உழைப்பு, சட்டம், மொழி. மாறியிருக்க வேண்டியது எது மாறாமலே கிடக்கிறது என்று அடுத்துப் பாருங்கள். வியாழனுக்குப் போய்வரும் சமூகத்தில் வீட்டு வேலையை இன்னும் பெண்கள் மட்டுமே செய்கிறார்கள் என்றால், கட்டுரை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சுவினிடம் சிக்கலும் உண்டு. ஒளியைவிட வேகமாகப் பறக்கும் கப்பலை இன்றைய இயற்பியல் ஏற்காது. அப்படியானால் விண்வெளிக் கதைகளில் பாதி வெளியே போய்விடும். 2000ல் கார்ல் ஃப்ரீட்மன் இதைச் சரிக்கட்டினார்: அறிவியல் உண்மையாக இருக்கிறதா என்பதைவிட, பிரதி அதை அறிவுபூர்வமான விஷயமாக நடத்துகிறதா என்பதே கணக்கு. இதை ஏற்காதவர்கள் வேறு வழியில் போனார்கள். 2003ல் பால் கின்கெய்ட், எல்லா அறிபுனைக்கும் பொதுவான ஒற்றைக் கூறு கிடையாது, குடும்பச் சாயல் போன்ற ஒப்புமைகளே உண்டு என்றார். 2010ல் ஜான் ரீடர், வகைமை (இலக்கிய வகை) என்பதே வரலாற்றில் நடந்துகொண்டிருக்கும் செயல் என்றார்: யார், எப்போது, எதற்காக ஒரு நூலுக்கு இந்த முத்திரையைக் குத்தினார்கள் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. இன்று ஆய்வு எழுதுபவர்களுக்கு ரீடரின் வழிதான் அதிகம் உதவும் என்பது எங்கள் எண்ணம். பிரதியை நுணுகிப் படிக்கும்போது மட்டும் சுவினை விட்டுவிடாதீர்கள்.

இந்த வகையை நுணுகி வாசிப்பது வேறு மாதிரியா?

ஆமாம். நடப்பியல் கதையில் உருவகமாகப் படிக்கும் வாக்கியம், இங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்கலாம். ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாக விரியவிட்டு, ஒவ்வொரு சொல்லும் மனத்திலுள்ள படத்தை எப்படித் திருத்துகிறது என்று பார்க்கும் முறையை 1960களின் இறுதியிலிருந்தே அறிபுனை எழுத்தாளர் சாமுவேல் டிலேனி செய்துகாட்டினார். இதற்காகவே நாங்கள் உருவாக்கிய ஒரு வாக்கியம்:

"முதல் நிழல் விழுந்ததும் அவள் எழுந்துவிட்டாள், இரண்டாவது நிழல் விழும்வரை அடுப்பைப் பற்றவைக்கவில்லை."

"முதல் நிழல்" வரை சாதாரண விடியல். "இரண்டாவது நிழல்" வந்ததும் முதல் பாதியை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது: இரண்டு ஒளிமூலங்கள், ஒன்றன்பின் ஒன்றாக உதிக்கின்றன. "விழும்வரை" என்பதால் அவளுக்கு அது வழக்கம். எப்போது விழும் என்று தெரியும். அடுப்புக்கு ஏன் காத்திருக்கிறாள்? எரிபொருள் பற்றாக்குறையா, சட்டமா, வழிபாட்டு முறையா? வாக்கியம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் வாசகர் அந்த உலகத்தின் குடிமகனாக நடத்தப்படுகிறார். இரட்டைச் சூரியன் என்று பின்னால் தெரிந்தால் அறிபுனை. இறந்த சகோதரியின் நிழல் தினமும் தாமதமாக வந்து சேர்கிறது என்றால் மிகுபுனைவு. வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறாது.

பயிற்சியாக, எடுத்துக்கொண்ட நாவலின் முதல் 300 சொற்களை இப்படிப் படியுங்கள். புரியாத சொல், விளக்கப்படாத வழக்கம், யாருக்குமே வியப்பளிக்காத விசித்திரம் என்று மூன்று நிறத்தில் அடிக்கோடு இடுங்கள். எந்த நிறம் அதிகம் என்பதே அந்த நாவல் வாசகரை எங்கே நிறுத்துகிறது என்று காட்டிவிடும்.

மிகுபுனைவுக்குத் தனிக் கோட்பாடு உண்டா, அறிபுனைக் கோட்பாட்டையே பொருத்தலாமா?

தனியாகவே உண்டு. பொருத்திப் பார்த்துக் கெட்ட உதாரணம் சுவினேதான். மிகுபுனைவை அறிவுக்கு எதிரானது என்று ஆரம்பத்தில் ஒதுக்கித் தள்ளினார். அந்த மனப்பான்மையை ஆய்வுலகம் உதற வெகுகாலம் ஆயிற்று.

இலக்கியக் கோட்பாட்டாளர் தொதொரோவின் 1970ஆம் ஆண்டு நூலைப் பலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். நடந்தது இயற்கையா, இயற்கை மீறியதா என்று வாசகர் தீர்மானிக்க முடியாமல் தயங்கும் நிலையைத்தான் அவர் விசித்திரம் என்று அழைக்கிறார். டிராகன் பறந்தால் யாரும் தயங்காத உலகத்துக்கு அந்தச் சட்டகம் பொருந்தாது. அதை அவரே வேறு பெட்டியில் வைத்துவிடுகிறார். பேய்க்கதைக்குத் தொதொரோவ் சரி. முழு மாற்றுலகக் காவியத்துக்கு அவரை மேற்கோள் காட்டினால் மதிப்பீட்டாளர் உடனே பிடித்துவிடுவார்.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதிய டோல்கியன் 1939ல் தேவதைக் கதைகள் பற்றி ஆற்றிய உரை, பின்னர் 1947ல் கட்டுரையாக வந்தது. உள்முரண் இல்லாத துணை உலகைப் படைப்பது பற்றிய எல்லா விவாதத்துக்கும் அதுவே தொடக்கம். பிரையன் அட்டெபெரி 1992ல், மிகுபுனைவுக்கு நடுமையம் உண்டு, விளிம்பு கிடையாது என்றார். ஒரு நூல் மையத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். எல்லைச் சண்டைகளில் பாதியை இது தீர்த்துவிடும்.

நேரடியாகக் கையில் எடுத்துப் பயன்படுத்த எளிதானது ஃபாரா மெண்டல்சன் 2008ல் தந்த நால்வகை. விசித்திரம் கதைக்குள் எப்படி நுழைகிறது என்பதே அவர் கேள்வி. மேலே உள்ள நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு உலகத்திலிருந்து வந்த ஒருத்தி "ஏன் இரண்டு நிழல்?" என்று கேட்டு, உள்ளூர்ப் பெரியவர் விளக்கினால் வாசல் வழிப் பயணக் கதை. யாரும் விளக்காமல் வாழ்க்கை நடந்தால் அமிழ்ந்த கதை. ஒரே நிழல் உள்ள உலகில் ஒருநாள் இரண்டாவது நிழல் தோன்றிக் கலவரப்படுத்தினால் ஊடுருவல் கதை. நம் உலகம் போலவே இருந்தும் வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளாமல், வாசகர் மட்டும் நெளிந்தால் இடைவெளிக் கதை. பெரும்பாலான தவறுகள் இந்த நான்கையும் கதைப்பொருளுக்கான பெட்டிகளாக நினைப்பதால் வருகின்றன. இவை சொல்முறைகள். ஒரே நாவல் பாதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். மாறும் பக்கம் எது என்று கண்டுபிடிப்பதே நல்ல கட்டுரைக்குப் போதும்.

அறிபுனையின் வரலாறு எந்த ஆண்டு தொடங்குகிறது?

என்ன நிரூபிக்க விரும்புகிறீர்களோ அதைப் பொறுத்தது. 1818ல் வந்த மேரி ஷெல்லியின் ஃப்ராங்கென்ஸ்டைன் நாவல் என்று 1973ல் பிரையன் ஆல்டிஸ் வாதிட்டார். 1926 ஏப்ரல் தேதியிட்ட அமேசிங் ஸ்டோரீஸ் முதல் இதழ் என்பவர்கள், வகைமைக்குச் சந்தை வேண்டும் என்று கருதுபவர்கள். ஹியூகோ கெர்ன்ஸ்பேக் இந்தக் கதைகளுக்கென்றே நடத்திய பத்திரிகை அது. இந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மட்டும் நின்றால் பார்வை ஆங்கிலத்துக்குள் சுருங்கிவிடும். ஜகதீச சந்திர போஸ் வங்காளியில் எழுதிய புயல் கதை 1896. வங்க எழுத்தாளர் ரொக்கேயா ஹொசைனின் "சுல்தானாவின் கனவு" கதை 1905ல் ஆங்கிலத்தில் அச்சானது. அமேசிங் ஸ்டோரீஸ் வர இன்னும் இருபத்தோரு ஆண்டுகள் இருந்தன. தோற்றத் தேதியை ஆய்வேட்டின் மையமாக வைக்காதீர்கள். முடிவே இல்லாத வழக்கு அது.

எந்தப் பதிப்பைப் படிக்க வேண்டும்? கையில் கிடைப்பது போதாதா?

போதாது. இந்தத் துறையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான், ஏனெனில் இந்தக் கதைகளில் பெரும்பகுதி பத்திரிகையில் வந்து, ஒட்டித் தைக்கப்பட்டு நாவலாகி, பிறகு திருத்தப்பட்டு, வெட்டப்பட்டு மொழிபெயர்க்கப்பட்டவை.

ஃப்ராங்கென்ஸ்டைனின் 1818 பதிப்பில் எலிசபெத், விக்டரின் அத்தை மகள். 1831 திருத்தத்தில் அவள் தத்தெடுக்கப்பட்ட அநாதை. குடும்பம், இரத்த உறவு பற்றி எழுதுபவர் எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் வாதமே ஆட்டம் கண்டுவிடும்.

அசிமோவின் ஃபவுண்டேஷன் தொடர் 1942லிருந்து பத்திரிகையில் வந்தது. 1951ல் நூலானபோது முதல் பகுதியைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். அந்த முதல் பகுதியைக் காட்டி "போர்க்கால மனநிலை" என்று எழுதினால் காலக்கணக்கு உதைக்கும்.

பிராட்பரியின் செவ்வாய்க் கதைத் தொகுப்பு 1950ல் வந்தது. 1997 பதிப்பில் அத்தியாயத் தேதிகள் எல்லாம் 31 ஆண்டுகள் முன்னே தள்ளப்பட்டன. அமெரிக்க நிறவெறி பற்றிய ஒரு கதையும் எடுக்கப்பட்டது.

மொழிபெயர்ப்புக்குள் இறங்கினால் இன்னும் ஆழம். லெம் போலிஷில் எழுதிய சோலாரிஸ் 1970ல் ஆங்கிலத்துக்கு வந்தது, பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வழியாக. லியூ சிஷினின் மூன்று உடல் நாவலின் சீன நூல் பதிப்பில் கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள் நடுவில் வருகின்றன. 2014 ஆங்கிலப் பதிப்பு அவற்றிலிருந்தே தொடங்குகிறது. "நாவல் வன்முறையில் தொடங்குகிறது" என்று எழுதுமுன் எந்த மொழி நாவல் என்று சொல்லிவிடுங்கள்.

செய்ய வேண்டியது: முதல் பத்திரிகை வெளியீடு, முதல் நூல் பதிப்பு, ஆசிரியர் கடைசியாகத் திருத்திய பதிப்பு ஆகிய மூன்றின் ஆண்டையும் குறியுங்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் பத்திகளை மட்டுமாவது இவற்றில் இரண்டில் ஒப்பிடுங்கள். பத்துப் பதினைந்து மேற்கோள் என்றால் ஒரு பகல் பிடிக்கும். எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதை முதல் அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

தகவலை எந்த வரிசையில் தேடுவது?

முதலில் அறிபுனைக் கலைக்களஞ்சியம். 1979ல் பீட்டர் நிக்கோல்ஸ் தொகுத்தது. மூன்றாம் பதிப்பு 2011 முதல் இணையத்தில் இலவசம். எழுத்தாளர் பெயருக்கான பதிவோடு நின்றுவிடாமல், கருப்பொருள் பதிவுகளுக்கும் போங்கள். காலப்பயணம், தலைமுறைக் கப்பல் (பல தலைமுறைகள் உள்ளேயே வாழ்ந்து பயணிக்கும் விண்கலம்) என்று தேடினால் நீங்கள் கேள்வியே படாத முன்னோடிகள் கிடைப்பார்கள். 1997ல் வந்த மிகுபுனைவுக் கலைக்களஞ்சியமும் அதே இடத்தில் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் அது புதுப்பிக்கப்படுவதில்லை.

அடுத்து ஐஎஸ்எஃப்டிபி என்ற இணைய நூல்விவரத் தளம். ஒரு தலைப்பின் எல்லாப் பதிப்புகளும் மாற்றுத் தலைப்புகளும் அங்கே வரிசையாக இருக்கும். தன்னார்வலர்கள் கட்டியது, ஆகவே ஒவ்வொரு பதிப்பின் கீழும் உள்ள குறிப்பைப் படியுங்கள். புத்தகத்தை நேரில் பார்த்துப் பதிந்ததா, வேறொரு பட்டியலிலிருந்து எடுத்ததா என்று அங்கே தெரியும். பின்னதை நம்பி ஆண்டு எழுதாதீர்கள்.

விமர்சனக் கட்டுரைகளுக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக நூலகத்தின் அறிபுனை ஆய்வுத் தரவுதளம். அதன்பிறகே கட்டணத் தரவுதளங்களும் கூகுள் ஸ்காலரும். தலைகீழாகத் தொடங்கினால் ஒரே ஐந்து கட்டுரைகளை எல்லோரும் மேற்கோள் காட்டும் வட்டத்துக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய பத்திரிகை இதழ்களைக் கையாளும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கதையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். தலையங்கம், கதைக்கு மேலுள்ள ஆசிரியர் குறிப்பு, வாசகர் கடிதம், விளம்பரம் எல்லாமே சான்று. அட்டையில் உள்ள மாதம் விற்பனைக்கு வந்த மாதத்தைவிடப் பெரும்பாலும் பிந்தியது. ஒரு வரலாற்று நிகழ்வுக்குக் கதை எதிர்வினையாற்றியது என்று சொல்லும்போது இந்த இடைவெளியும், எழுதி அச்சாக ஆன மாதங்களும் கணக்கில் வர வேண்டும்.

ஸ்கேன் பிரதிகளில் எழுத்துணரி மென்பொருள் இரட்டைப் பத்தி அமைப்பைக் குழப்பி, இடது பத்தியின் வரியோடு வலது பத்தியின் வரியை ஒட்டிவிடும். பின்பக்கத்துக்குத் தாவும் கதைகளில் நடுவே விளம்பர வாசகம் புகுந்துவிடும். ஆகவே தேடலுக்கு மட்டும் அந்த எழுத்தைப் பயன்படுத்துங்கள். மேற்கோளைப் படத்தைப் பார்த்தே தட்டச்சு செய்யுங்கள்.

நேரில் பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியா ரிவர்சைடு பல்கலைக்கழகத்தின் ஈட்டன் தொகுப்பு, டொரண்டோ பொது நூலகத்தின் மெரில் தொகுப்பு, லிவர்பூல் பல்கலைக்கழகத்திலுள்ள அறிபுனை அறக்கட்டளைத் தொகுப்பு ஆகியவை பெரியவை. மலிவு மரக்கூழ்க் காகிதம் அமிலத்தால் நொறுங்கும். சில இதழ்களைத் திறக்கவே விடமாட்டார்கள். போவதற்கு ஒரு மாதம் முன்பே இதழ் எண்களோடு நூலகருக்கு எழுதிக் கேளுங்கள்.

எழுத்தாளர் பேட்டியில் சொன்னதைச் சான்றாக வைக்கலாமா?

வைக்கலாம், தீர்ப்பாக அல்ல. அறிபுனை எழுத்தாளர் லெ குவின் தன் 1969 நாவலில் பாலினம் நிலையில்லாத மனிதர்களை "அவன்" என்று எழுதியதை 1976ல் ஆதரித்துப் பேசினார். பத்தாண்டுக்கு மேல் கழிந்ததும், பழைய கட்டுரையை அழிக்காமல் தன்னையே மறுத்துக் குறிப்புகள் சேர்த்து மறுபடி வெளியிட்டார். எந்த லெ குவினை மேற்கோள் காட்டுகிறீர்கள் என்று தேதியோடு சொல்ல வேண்டும்.

வாழ்க்கை வரலாற்றிலிருந்து பிரதியை ஊகிப்பதன் ஆபத்துக்கு ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் எழுதியவரின் உதாரணம் போதும். அந்த எழுத்தில் ஆண் தன்மை தவிர்க்க முடியாதபடி இருக்கிறது என்று 1975ல் ஒரு முன்னுரையில் ராபர்ட் சில்வர்பெர்க் எழுதினார். சில காலத்திலேயே டிப்ட்ரீ என்பது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்ணின் புனைபெயர் என்று தெரியவந்தது.

கதையில் அறிவியல் தவறாக இருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாமா?

ஒரு வரியில். அந்தத் தவறு எழுதப்பட்ட காலத்து அறிவா, ஆசிரியர் தெரிந்தே செய்த மீறலா, கதைக்கு அது எதைச் சாத்தியமாக்குகிறது என்பதுதான் மிச்சக் கட்டுரை.

தலைப்பை எப்படிச் சுருக்குவது?

"அறிபுனையில் பெண்கள்" தலைப்பே இல்லை, நூலக அலமாரி. முதுகலை ஆய்வேட்டுக்கு இரண்டு அல்லது மூன்று நாவல், முனைவர் பட்டத்துக்கு நான்கு முதல் ஆறு என்று வையுங்கள். பிறகு தலைப்பில் மூன்று பூட்டுப் போடுங்கள்: காலம், வடிவக்கூறு, கேள்வி. "1970களின் தலைமுறைக் கப்பல் நாவல்களில், பூமியைப் பார்த்திராத கதைசொல்லி பூமியை எப்படி விவரிக்கிறார்" என்றால் எதைப் படிக்க வேண்டும், எதை விடலாம் என்று தலைப்பே சொல்லிவிடும்.

கணினிப் பகுப்பாய்வு இங்கே பயன்படுமா?

பயன்படும். டெட் அண்டர்வுட் 2016ல் சொற்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்து, துப்பறியும் கதையும் அறிபுனையும் ஒரு தலைமுறைக்குள் கரைந்துவிடாமல் நீண்ட காலம் அடையாளம் காணக்கூடியவையாக நீடிக்கின்றன என்று காட்டினார். நீங்களே செய்து பார்ப்பதானால், ஒரே எழுத்தாளரின் நூல்களை, நிரலுக்குக் கற்பிக்கும் பயிற்சித் தொகுதியிலும் அதைச் சோதிக்கும் சோதனைத் தொகுதியிலும் பிரித்துப் போடாதீர்கள். நிரல் வகைமையைக் கற்காமல் அந்த எழுத்தாளரின் நடையைக் கற்றுக்கொண்டு, பொய்யான வெற்றி விகிதத்தைக் காட்டும். அறிபுனை நூல்களும் ஒப்பிட எடுக்கும் மற்ற நூல்களும் ஒரே காலத்தவையாக இருப்பதும் அவசியம். இல்லையென்றால் நூற்றாண்டைத்தான் கண்டுபிடிக்கும்.

கட்டுரையை எங்கே அனுப்புவது?

எக்ஸ்ட்ராபொலேஷன் ஆய்விதழ் 1959லிருந்து வருகிறது. ஃபவுண்டேஷன் இதழ் 1972, சயன்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டடீஸ் 1973. மிகுபுனைவுக்கு ஜர்னல் ஆஃப் தி ஃபென்டாஸ்டிக் இன் தி ஆர்ட்ஸ். டோல்கியன் வட்டத்துக்கு மித்லோர். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஃபாஃப்னிர், தொடக்க ஆய்வாளர்களுக்கு நல்ல வாசல். அனுப்புமுன் அந்த இதழின் கடந்த மூன்று ஆண்டு உள்ளடக்கத்தைப் பாருங்கள். உங்கள் பொருளில் அங்கே வந்த கட்டுரையோடு பேசாத கட்டுரை, படிக்காமல் எழுதியதாகத் தோன்றும். மாநாட்டு உரை பொதுவாக 20 நிமிடம், இரட்டை இடைவெளியில் எட்டு முதல் பத்துப் பக்கம். ஆய்வேட்டு அத்தியாயத்தைச் சுருக்காதீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு வாதத்தைப் பிடுங்கி எடுங்கள்.

இதற்கென்றே பட்டப்படிப்பு உண்டா?

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மிகுபுனைவுக்கு 2015 முதல் முதுநிலைப் படிப்பு உண்டு. லிவர்பூலில் அறிபுனை முதுகலை 1990களில் தொடங்கியது. ஆனால் பெரும்பாலானோர் இலக்கியம், திரைப்படம், அறிவியல் வரலாறு போன்ற துறைகளில் சேர்ந்தே இதைச் செய்கிறார்கள். துறையின் பெயரைவிட, வழிகாட்டி இந்த வகையைப் படிப்பவரா என்பதே முக்கியம்.

கட்டுரையில் கதையின் முடிவைச் சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும். முடிவை மறைத்துக்கொண்டு வாதிட முடியாது. ஆனால் கதைச்சுருக்கம் வேறு, சான்று வேறு: 7,000 சொல் கட்டுரையில் சுருக்கம் 300 சொல்லைத் தாண்டினால் வெட்டுங்கள். புதுச்சொற்கள், கிரகப் பெயர்கள், வம்சாவளி எல்லாவற்றையும் விளக்கப் புகுந்தால் வாதம் நாலாம் பக்கத்தில்தான் தலைகாட்டும். அந்தப் பத்திக்கு எது தேவையோ அதை மட்டும், தேவைப்படும் இடத்திலேயே, அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.